கோப்பைக்குள் என்ன இருந்தது?

(இங்கிலாந்தின் பழைய இனிப்புக் கோப்பைகளைச் சேகரிப்பது பற்றி ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இந்த மேசையில் ஆறு கண்ணாடிப் பொருள்கள் இருக்கின்றன. ஒன்றை மட்டும் துணி போட்டு மூடி வைத்திருக்கிறேன். மற்ற ஐந்தையும் பின்வரிசையில் இருப்பவர்கள் சரியாகப் பார்க்க முடியாது. கூட்டம் முடிந்ததும் கிட்டே வந்து பாருங்கள். ஆறில் ஐந்து 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஊதிச் செய்தவை. ஒன்று போலி. அது எது என்று பிறகு சொல்கிறேன்.

இருப்பதில் சிறியதை முதலில் எடுக்கிறேன். உயரம் நான்கு அங்குலம். எக்காளத்தின் வாய் போல மேலே விரிந்து கீழே ஒடுங்கும் கிண்ணம். தண்டு என்று ஒன்று இல்லை. கிண்ணத்துக்கும் பாதத்துக்கும் நடுவே ஒரு சின்னக் குமிழ், அவ்வளவுதான். பல ஆண்டுகளுக்கு முன் லண்டனில் போர்ட்டபெல்லோ சாலையில் ஒரு சனிக்கிழமை காலையில் இதை வாங்கினேன். மது அருந்தும் கோப்பை என்று நினைத்துத்தான் கையில் எடுத்தேன். விற்றுக்கொண்டிருந்த மூதாட்டி தலையை ஆட்டி மறுத்தார். இதில் யாரும் எதையும் குடித்ததில்லை, ஜெல்லியை உறைய வைத்துக் கரண்டியால் எடுத்துச் சாப்பிட்டார்கள் என்று விளக்கினார். அதுவரை நான் கண்ணாடியை மட்டுமே பார்த்துவந்தேன். அன்று முதல் எந்தக் கோப்பையை எடுத்தாலும் இதற்குள் என்ன இருந்தது என்றுதான் முதலில் கேட்கிறேன். இன்று உங்களிடம் நான் சொல்ல வந்ததும் அந்தக் கேள்வியைப் பற்றித்தான்.

ஆங்கிலக் கண்ணாடிச் சேகரிப்புக்கு நல்ல மரபு உண்டு. ஆல்பர்ட் ஹார்ட்ஸ்ஹோர்ன் 1897இல் பழைய ஆங்கிலக் கோப்பைகள் பற்றி ஒரு பெரிய நூல் எழுதினார். 1937இல் ஜான் மான்செல் பேகன் லண்டனில் கண்ணாடிச் சேகரிப்பாளர்களுக்கென ஒரு வட்டத்தைத் தொடங்கினார்.  இவர்கள் வழிவந்த அறிஞர்கள் கோப்பைகளைத் தண்டை வைத்து வகைப்படுத்தினார்கள். உருண்டு திரண்ட தண்டு, உள்ளே காற்றுச்சுருள் ஓடும் தண்டு, வெள்ளை இழை முறுக்கிய தண்டு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு காலம் உண்டு. மதுக்கோப்பைக்கு இது மிகப் பொருத்தமான முறை. ஜெல்லிக் கோப்பைக்குத்தான் தண்டே கிடையாதே! அந்த வரிசையில் அதற்கு இடம் கிடைக்கவில்லை. ஏலக்கூடங்களில் பல காலம் அது கடைசியில் ஒரு தட்டில் மொத்தமாக வைத்து விற்கப்படும் சரக்காகவே இருந்தது. தெர்ல் ஹியூஸ் 1982இல் இனிப்புக் கோப்பைகளுக்கும் ஜெல்லிக் கோப்பைகளுக்கும் என்றே ஒரு தனி நூல் எழுதியது எனக்குப் பெரிய துணை. இந்தப் புறக்கணிப்பால் ஒரு நன்மையும் உண்டு. அலங்காரமில்லாத ஜெல்லிக் கோப்பை ஒன்றை இன்றைக்கும் பெரும்பாலும் நூறு பவுண்டுக்குள் வாங்கிவிடலாம். இருநூற்றைம்பது ஆண்டுப் பழமையுள்ள, ஒருவர் மூச்சால் ஊதிய பொருள் அது. மாதச் சம்பளக்காரரும் சேகரிக்கலாம்.

முதலில் கண்ணாடியைப் பற்றிக் கொஞ்சம். 17ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை உயர்ந்த கண்ணாடி என்றால் வெனிஸ்தான். மெல்லியது, லேசானது, எளிதில் உடைவது. வெனிஸுடன் வணிகம் செய்துவந்த ஜார்ஜ் ரேவன்ஸ்கிராஃப்ட் லண்டனில் சவாய் பகுதியில் உலை வைத்து, 1674இல் புதிய வகைக் கண்ணாடி ஒன்றுக்குக் காப்புரிமை வாங்கினார். தொடக்கத்தில் செய்தவை சில மாதங்களிலேயே உள்ளுக்குள் நுண்ணிய விரிசல் ஓடி மங்கிப்போயின. கலவையை மாற்றி, ஈய ஆக்சைடு சேர்த்த பிறகு கண்ணாடி நிலைத்தது. 1676 முதல் தம் கோப்பைகளில் அண்டங்காக்கைத் தலை முத்திரை பதித்தார். அவர் பெயரில் உள்ள ரேவன் என்பது அந்தப் பறவைதான். 1683இல் இறந்தார். ஈயம் சேர்ந்த கண்ணாடி கனமானது. உருகிய நிலையில் மெதுவாக இறுகுவதால் கைவேலைக்கு நேரம் தருவது. ஒளியை அதிகமாக வளைப்பதால் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் உள்ளிருந்து சுடர்வது போலத் தோன்றுவது. இந்தக் கடைசிக் குணத்தை மறந்துவிடாதீர்கள்; திரும்பவும் அதற்கு வருவேன்.

அந்தக் கலவையில் வெடியுப்பும் ஒரு சரக்கு. கிழக்கிந்தியக் கம்பெனி கப்பல் கப்பலாக வெடியுப்பை இங்கிலாந்துக்குக் கொண்டுபோனது. பெரும்பகுதி பீகாரில் பாட்னாவைச் சுற்றிய ஊர்களில் காய்ச்சியது. வெடிமருந்துக்குப் போனது போக ஒரு பங்கு கண்ணாடி உலைக்கும் போனது. இந்தக் கோப்பையைக் கையில் எடுக்கும்போது அந்த ஊர்களின் மண்ணும் என் நினைவுக்கு வருவதுண்டு.

இப்போது ஜெல்லிக்கு வருவோம். இன்று நாம் கடையில் பொட்டலம் வாங்கி வெந்நீரில் கரைத்துச் செய்கிறோம். அன்று அது இரண்டு நாள் வேலை. கன்றின் காலைப் பல மணி நேரம் வேகவைப்பார்கள். ஆறியபின் மேலே படிந்த கொழுப்பை எடுத்துவிடுவார்கள். அல்லது மான்கொம்புச் சீவலைக் கொதிக்கவைப்பார்கள். இல்லையென்றால் ஸ்டர்ஜன் மீனின் காற்றுப்பையைக் காயவைத்து எடுத்த பசையைக் கரைப்பார்கள். சர்க்கரை, எலுமிச்சை, ஒயின் சேர்த்து, முட்டை வெள்ளைக்கருவை அடித்து ஊற்றிக் கொதிக்கவிட்டால் அழுக்கெல்லாம் கருவோடு திரண்டு மேலே வரும். அதைக் கம்பளித் துணிப் பையில் ஊற்றி வடியவிடுவார்கள். கலங்கலாக வந்தால் மறுபடி ஊற்றுவார்கள், தெளியும் வரை. இவ்வளவு பாடும் எதற்கு? கண்ணாடி போலத் தெளிய வேண்டும் என்பதற்குத்தான். அப்படித் தெளியவைத்ததைப் பீங்கானில் ஊற்றினால் யாருக்குத் தெரியும்? ஜெல்லியின் தெளிவுக்கு ஈயக் கண்ணாடி தேவைப்பட்டது. ஈயக் கண்ணாடியின் சுடருக்கு உள்ளே தெளிந்த ஒன்று தேவைப்பட்டது.

ஹன்னா கிளாஸ் என்ற அம்மையார் 1747இல் வெளியிட்ட சமையல் நூல் அந்த நூற்றாண்டின் இங்கிலாந்தில் மிகப் பரவலாக வாசிக்கப்பட்டவற்றுள் ஒன்று. பணிப்பெண்களும் படித்துப் புரிந்துகொள்ளும்படி எளிய மொழியில் எழுதினார். பட்டை பட்டையாக நிறம் மாறும் ஜெல்லி ஒன்றுக்கு அவர் முறை சொல்கிறார். சிவப்புக்குக் கொச்சினில் பூச்சி, பச்சைக்குப் பசலைக்கீரைச் சாறு, மஞ்சளுக்குக் குங்குமப்பூ, நீலத்துக்கு வயலட் பூச்சாறு, வெள்ளைக்குக் கெட்டிப் பாலாடை. ஒரு நிறத்தை ஊற்றி, அது முழுக்க உறைந்தபின்தான் அடுத்தது. பொறுமை இல்லாவிட்டால் நிறங்கள் ஒன்றோடொன்று கலந்துவிடும்.

இதைத் தெரிந்துகொண்டு இந்தக் கோப்பையை மறுபடி பாருங்கள். தண்டு ஏன் இல்லை? மதுக்கோப்பையைத் தண்டைப் பிடித்து உயர்த்திக் குடிக்கிறோம். இதை மேசையில் வைத்துக் கரண்டி போடுகிறோம். தண்டு நீண்டால் சாயும். பாதம் ஏன் இவ்வளவு சிறிது? மதுக்கோப்பையின் பாதம் பொதுவாகக் கிண்ணத்தைவிட அகலம். ஜெல்லிக் கோப்பைகளோ ஒரே தட்டில் நெருக்கி நெருக்கி அடுக்கப்பட்டவை; அகலப் பாதம் இடத்தைத் தின்றுவிடும். உள்ளே இருந்தது தெரிந்தால் வடிவத்துக்குக் காரணம் கேட்க வேண்டியதில்லை.

அந்தத் தட்டுதான் இரண்டாவது பொருள். சால்வர் என்பார்கள். தட்டையான வட்டத் தட்டு, விளிம்பு சற்றே மேலெழும்பியது, கீழே தடித்த ஒரு தண்டும் பாதமும். கோப்பைகள் வழுக்கி விழாமல் அந்த விளிம்பு காக்கும். தண்டு தோள் வைத்து மேலே அகன்று கீழே ஒடுங்குகிறது. 1714இல் ஹனோவரிலிருந்து முதலாம் ஜார்ஜ் வந்து முடிசூடிய காலத்தை ஒட்டி இங்கிலாந்தில் பரவிய வடிவம் இது. சில கோப்பைகளில் இந்தத் தோள்பட்டையில் ஜார்ஜ் மன்னரைக் கடவுள் காக்க என்ற வாசகம் எழுத்தெழுத்தாக அச்சில் வார்க்கப்பட்டிருக்கும். என்னுடையதில் எழுத்து இல்லை.

சால்வரைத் தனியாகப் பார்த்தால் கேக் வைக்கும் தட்டு போலத் தோன்றும். விருந்தில் அது தனியாக நின்றதில்லை. பெரிய சால்வரின் மேல் அதைவிடச் சிறியது, அதன் மேல் இன்னும் சிறியது என்று அடுக்கிக் கோபுரம் எழுப்பினார்கள். 1760ஐ ஒட்டி வந்த தமது இன்னொரு நூலில் ஹன்னா கிளாஸ் அம்மையாரே இந்த அடுக்கை விவரிக்கிறார். ஒவ்வொரு நிலையிலும் வட்டமாக ஜெல்லி, கிரீம், பாகில் ஊறிய பழம், பிஸ்கெட், வறுத்த பாதாம். உச்சியில் உயரமான ஒற்றைக் கோப்பை. அதில் சர்க்கரைப் பாகில் ஊறிய ஒரு முழு ஆரஞ்சு. உணவுத் தட்டுகளை எல்லாம் எடுத்த பிறகுதான் இதன் முறை. டெசர்ட் என்ற சொல்லே மேசையைத் துப்புரவாக்குவது என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. அமெரிக்காவில் வில்லியம்ஸ்பர்க் நகரில் பழைய ஆளுநர் மாளிகையில் இப்படிக் கோபுரம் அடுக்கிக் காட்சிக்கு வைப்பார்கள். அருங்காட்சியக அலமாரியில் வரிசையாக நிற்கும் கோப்பைகளைவிட அந்த ஒரு அடுக்கு எனக்கு அதிகம் கற்றுத்தந்தது.

மூன்றாவது, சில்லபப் கோப்பை. கிண்ணம் இரண்டு பகுதியாக இருக்கிறது பாருங்கள்: கீழே குறுகலான பகுதி, மேலே திடீரென்று அகலும் பகுதி. பாலாடை, இனிப்பு ஒயின், எலுமிச்சை, சர்க்கரை எல்லாவற்றையும் சேர்த்து நன்றாகக் கடைவார்கள். நுரை எழ எழ எடுத்துச் சல்லடையில் வடியவிட்டு, கோப்பையில் ஒயினை ஊற்றி அதன் மேல் நுரையை ஏற்றுவார்கள். மேல் அகலம் நுரைக்கு, கீழ்க்குறுகல் ஒயினுக்கு. நுரையைக் கரண்டியால் எடுத்துச் சாப்பிட்டபின் அடியில் இருப்பதைக் குடிக்கலாம். நாட்டுப்புறத்தில் இதற்கு இன்னொரு வழி இருந்தது: கிண்ணத்தில் ஒயினையோ சைடரையோ ஊற்றி, பசுவின் மடிக்குக் கீழே பிடித்து, நேரே அதிலேயே பால் கறப்பது. கறக்கும் வேகத்தில் நுரை தானாக எழும். பால் கறந்து பழகிய வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு அந்த நுரையின் ஓசை கேட்கும்.

நான்காவது கோப்பைக்கு நல்ல உயரமான தண்டு இருக்கிறது. அகன்ற கிண்ணத்தின் விளிம்பு முழுக்கக் கண்ணாடி வளையங்கள் ஒட்டிச் சரிகை போலச் செய்திருக்கிறார்கள். இதில் வாய் வைத்துக் குடிக்க முடியாது, உதடு பட இடமில்லை. ஆகவே இது உலர்ந்த இனிப்புக்கு. சர்க்கரை பூசிய கொத்தமல்லி விதை, சோம்பு, நம்மூர்ச் சீரக மிட்டாய் போன்றவை. விளிம்பு மழுங்கலாக, அலங்காரம் இல்லாமல் இதே வடிவில் கோப்பைகள் கிடைக்கின்றன. அவை இனிப்புக்கா, ஷாம்பேனுக்கா என்று சேகரிப்பாளர்களிடையே நெடுங்காலமாக வாதம் நடக்கிறது. இரண்டுக்குமே பயன்பட்டிருக்கும் என்பது என் எண்ணம். ஒரு வீட்டில் ஒரு பாத்திரத்துக்கு ஒரே வேலைதான் என்று எந்தச் சமையலறையிலும் விதி இருந்ததில்லை.

இனி வாங்குவது பற்றி. கோப்பையைத் தட்டினால் மணி போல ஒலித்தால் பழையது என்று பலர் சொல்வார்கள். நம்பாதீர்கள். ஈயக் கண்ணாடி எதுவும் ஒலிக்கும். போன வருடம் செய்ததும் ஒலிக்கும். குட்டையான ஜெல்லிக் கோப்பையோ அசல் என்றாலும் மந்தமாகத்தான் ஒலிக்கும். கோப்பையைத் திருப்பிப் பாதத்தின் அடியைப் பாருங்கள். ஊதி முடித்த கோப்பையை இரும்புக் கம்பி ஒன்றில் ஒட்டிப் பிடித்துக்கொண்டுதான் விளிம்பைச் சீராக்குவார்கள். பிறகு கம்பியை உடைத்து எடுப்பார்கள். அந்தத் தழும்பு கரடாக நடுவில் நிற்கும். அது மேசையைக் கீறாமல் இருக்கத்தான் பாதத்தைக் கூம்பாக உயர்த்தினார்கள். 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் தழும்பைத் தேய்த்து மழுங்கச் செய்யும் பழக்கம் பரவியது. பாதத்தின் ஓரம் உள்பக்கமாக மடித்து இரட்டையாக இருந்தால் பெரும்பாலும் 1750க்கு முந்தையது. 1745இல் அரசு கண்ணாடிக்கு வரி போட்டது. பவுண்டு எடைக்கு ஒரு பென்னி. எடைக்கு வரி என்றதும் மடிப்பும் கனமும் குறையத் தொடங்கின. அந்த வரி நூறு ஆண்டுகள், 1845 வரை, நீடித்தது.

பிறகு தேய்மானம். மேசையில் உட்கார்ந்து உட்கார்ந்து பாதத்தின் வெளி ஓரத்தில் கீறல்கள் விழும். காலத்தால் விழுந்தவை பல திசையில், சில ஆழமாக, சில மேலாக, அழுக்கேறி இருக்கும். உப்புத்தாளில் தேய்த்தவை எல்லாம் ஒரே திசையில் போகும். வெள்ளைத் தாளின் மேல் வைத்துப் பாருங்கள். பழைய கண்ணாடியில் பெரும்பாலும் லேசான சாம்பல் நிறம் தெரியும். விளிம்பில் விரலை ஓட்டுங்கள். நெருப்பில் மழுங்கிய விளிம்பு உருண்டிருக்கும். உடைந்ததைச் சாணை பிடித்துச் சரிசெய்திருந்தால் தட்டையாகத் தட்டுப்படும்.

இவ்வளவும் தெரிந்த பிறகும் நான் ஏமாந்தேன். ஒரு கடையில் ஆறு ஜெல்லிக் கோப்பைகள், ஒரே தொகுதி, 1750 என்று சீட்டு. பெட்டியைத் திறந்ததும் மனம் அடித்துக்கொண்டது. வீட்டுக்கு வந்து வரிசையாக வைத்தேன். ஆறும் இம்மி பிசகாமல் ஒரே உயரம், ஒரே எடை. கையால் ஊதியவை அப்படி வராது. ஒரே நாளில் ஒரே ஆள் ஊதினாலும் ஒன்று சற்றே சாயும், ஒன்றில் குமிழி இருக்கும். பாதங்களில் ஒரே திசைக் கீறல். அவை 20ஆம் நூற்றாண்டின் போலிகள். அந்த இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. பணத்துக்காக அல்ல, நாலு நிமிடம் பொறுமையாகப் பார்த்திருந்தால் தெரிந்திருக்குமே என்ற வருத்தம். அந்த ஆறில் ஒன்றுதான் இங்கே இரண்டாவதாக நிற்கும் ஜெல்லிக் கோப்பை. அசலோடு சேர்த்துக் கையில் எடுத்துப் பாருங்கள். நான் பேசியதைவிட விரல்கள் சீக்கிரம் சொல்லிக்கொடுக்கும்.

உள்ளே என்ன இருந்தது என்று கேட்கத் தொடங்கினால் பாதியில் நிறுத்த முடியாது. ஜெல்லியில், பாகில், மிட்டாயில், எல்லாவற்றிலும் சர்க்கரை. இங்கிலாந்தில் 1700ஐ ஒட்டி ஆளுக்கு ஆண்டுக்குச் சுமார் 4 பவுண்டு சர்க்கரை செலவானது. 1800ஐ ஒட்டி அது சுமார் 18 பவுண்டு ஆனது. இந்தக் கோப்பைகளின் பொற்காலம் சரியாக அந்த நூறு ஆண்டுகள்தான். அந்தச் சர்க்கரை பார்படோசிலும் ஜமைக்காவிலும் ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துவரப்பட்ட அடிமைகள் வெட்டிய கரும்பிலிருந்து வந்தது. மேசை நடுவே சுடர்ந்த கோபுரத்தின் ஒவ்வொரு நிலையிலும் அவர்கள் உழைப்பு இருந்தது. அழகான கோப்பைகளை வரிசைப்படுத்தி எழுதிய சேகரிப்பு நூல்கள் பலவற்றில் இதைப் பற்றி ஒரு வரி கிடையாது. அது எனக்குப் பெரிய குறையாகவே படுகிறது.

இங்கிலாந்திலேயே அதை உணர்ந்தவர்கள் இருந்தார்கள். 1791இல் வில்லியம் ஃபாக்ஸ் எழுதிய சிறு வெளியீடு மேற்கிந்தியச் சர்க்கரையை விலக்கும்படி மக்களைக் கேட்டது. ஏராளமான குடும்பங்கள் விலக்கின. 1820களில் இந்த இயக்கம் மறுபடி எழுந்தபோது, அடிமைகள் செய்யாத கிழக்கிந்தியச் சர்க்கரை என்று எழுதிய சர்க்கரைக் கிண்ணங்கள் விற்பனைக்கு வந்தன. அடர்நீலக் கண்ணாடியில் பொன் எழுத்தில் இந்த வாசகம் பொறித்த கிண்ணம் ஒன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் முன்னால் நான் வெகுநேரம் நின்றிருக்கிறேன். அந்தக் கிண்ணத்தை மேசையில் வைத்த பெண்களின் மனச்சாட்சியை மதிக்கிறேன். ஆனாலும் கிழக்கிந்தியா என்பது நாம். அந்த எழுத்துகள் பொறிக்கப்பட்ட காலத்தில் இந்தியாவிலும் அடிமை முறை இருந்தது. தஞ்சை வயல்களில் பண்ணையடிமைகள் இருந்தார்கள். கம்பெனி ஆட்சி இங்கே அடிமை முறைக்குச் சட்டத்தின் துணையை விலக்கியது 1843இல்தான். கிண்ணத்தின் வெளியே எழுதியிருப்பதையும் உள்ளே இருந்ததையும் சேர்த்தே படிக்க வேண்டியிருக்கிறது.

வீட்டில் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. வெதுவெதுப்பான நீரில், பிளாஸ்டிக் தொட்டியில், ஒரு நேரத்தில் ஒன்றாகக் கழுவுங்கள். ஒரு கையால் பாதத்தையும் மறு கையால் கிண்ணத்தையும் பிடித்துத் துணியால் முறுக்கித் துடைக்காதீர்கள். பல கோப்பைகள் அப்படித்தான் இரண்டாகின்றன. வாய்ப்புறம் கீழே இருக்கும்படி கவிழ்த்து வைக்காதீர்கள். எலுமிச்சைச் சாறு, ஒயின் போன்ற புளிப்பானதை ஈயக் கண்ணாடியில் ஊற்றி நாள்கணக்கில் வைக்கவே கூடாது; ஈயம் இறங்கும்.

இனி மூடியிருக்கும் கோப்பை. இதுவும் முதலில் காட்டியது போன்ற அசல் ஜெல்லிக் கோப்பைதான். நேற்று மாலை முழுக்க இதோடு உட்கார்ந்திருந்தேன். கன்றின் காலுக்குப் பதிலாகக் கடல்பாசி. அதனால் அவர்கள் செய்த அளவு தெளிவு வராது. புளிப்பு எதுவும் சேர்க்கவில்லை. சூடாக ஊற்றினால் பழைய கண்ணாடி வெடித்துவிடும் என்பதால் ஒவ்வொரு நிறத்தையும் கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிட்டு ஊற்றினேன். அடியில் கீரைப் பச்சை, அதன் மேல் பாலாடை வெள்ளை, மேலே குங்குமப்பூ மஞ்சள். மூன்று பட்டைக்கு நான்கு மணி நேரம் ஆயிற்று.

மின்விளக்குகளை அணைக்கச் சொல்லியிருக்கிறேன். மெழுகுவர்த்தியைக் கோப்பைக்குப் பின்னால் வைக்கிறேன். பின்வரிசையில் இருப்பவர்கள் எழுந்து முன்னால் வாருங்கள்.